கார் இன்சூரன்ஸ் யாரைக் காப்பாற்றும்?

காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கிறது" என்று உடனே சொல்வார்கள். என்ன இன்சூரன்ஸ் என்று கேட்டால் பதில் வராது! போலீசாரிடம் காட்ட ஒரு காகிதம் என்பதுதான் பலருடைய நினைப்பு. விபத்து நடந்த பிறகுதான் அதைப் பிரித்துப் படிக்கிறார்கள். அப்போது படித்து என்ன பயன்?

கார் இன்சூரன்சில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று, பிறருக்கு நேரும் நஷ்டத்துக்கு மட்டும் பணம் கொடுப்பது. மற்றொன்று, அதோடு உங்கள் காரையும் சேர்த்துக் காப்பது. இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

சட்டம் கேட்பது எது?

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் காரை ரோட்டில் ஓட்டக் கூடாது. இது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். "தேர்டு பார்ட்டி" என்று மக்கள் சொல்வது இதைத்தான். முதல் நபர் நீங்கள். இரண்டாவது இன்சூரன்ஸ் கம்பெனி. உங்கள் கார் மோதி அடிபடுகிறவர் மூன்றாம் நபர்.

அவர் இறந்தாலோ, ஊனம் அடைந்தாலோ கோர்ட்டு நஷ்டஈடு விதிக்கும். அவருடைய வயது என்ன, வருமானம் என்ன, அவரை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தொகையை முடிவு செய்வார்கள். அது பல லட்சம் ரூபாய் ஆகலாம். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லாவிட்டால் கார்க்காரர் வீட்டை விற்றாவது கொடுக்க வேண்டும். அவரிடம் ஒன்றுமே இல்லை என்றால்? அடிபட்ட குடும்பத்துக்குத் தீர்ப்பு கிடைக்கும்; பணம் கிடைக்காது!

இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை ரூ.2 ஆயிரம் அபராதம் அல்லது 3 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறு தடவை அபராதம் ரூ.4 ஆயிரம்.

வீட்டார் கதி என்ன?

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால், உங்கள் கார் நொறுங்கினாலும் திருட்டுப் போனாலும் ஒரு பைசா வராது.

இன்னொன்றைப் பலர் அறிய மாட்டார்கள். சொந்தக் காருக்குள் உட்கார்ந்து வரும் மனைவி, மக்கள், விருந்தாளிகள் இந்த இன்சூரன்சில் மூன்றாம் நபர் ஆக மாட்டார்கள். அவர்களுக்குத் தனியே விபத்து இன்சூரன்ஸ் சேர்க்க வேண்டும். காரை ஓட்டும் உரிமையாளர் இறந்தால் அவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் தனி விபத்து இன்சூரன்சும் உண்டு. 2018-ல் இந்தத் தொகை ரூ.15 லட்சமாக உயர்த்தப்பட்டது. பாலிசியில் அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முழு இன்சூரன்ஸ்

விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், புயல், கலவரம் ஆகியவற்றால் காருக்கு வரும் நஷ்டத்தை "ஃபுல் இன்சூரன்ஸ்" ஏற்கும். ஆனால் புதுக் காரின் விலை அப்படியே கிடைக்காது. வயதுக்கு ஏற்ப மதிப்பு குறையும். கார் விலை ரூ.6 லட்சம் என்று வைத்துக் கொள்வோம். 3 ஆண்டு முடிந்து நான்காம் ஆண்டு நடக்கும்போது 40 சதவீதம் கழித்து, ரூ.3 லட்சத்து 60 ஆயிரம்தான் மதிப்பு.

ரிப்பேரிலும் கழிவு உண்டு. பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இந்தக் கழிவு இல்லாமல் இருக்கக் கூடுதல் பணம் கட்டி "பம்பர் டு பம்பர்" சேர்க்கலாம். புதுக் காருக்கு இது நல்லது.

சாவியைத் திருப்பாதீர்கள்!

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, நிறுத்தி வைத்த கார்கள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே கதி. தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சினுக்குள் நீர் புகுந்து உள்பாகங்கள் உடையும். "வெள்ளத்தால் வந்த சேதம் அல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது" என்று கம்பெனி மறுக்கக் கூடும். ஆகவே சாவியைத் தொடாதீர்கள். போட்டோ எடுங்கள். கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். காரை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். தாழ்வான பகுதியில் குடியிருப்போர் எஞ்சின் பாதுகாப்பைத் தனியே சேர்ப்பது நல்லது.

செலவைக் குறைப்பது எப்படி?

மூன்றாம் நபர் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனியிலும் ஒரே தொகைதான். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி 1000 சி.சி. வரை ரூ.2,094, 1500 சி.சி. வரை ரூ.3,416, அதற்கு மேல் ரூ.7,897. வரி தனி. இதில் பேரம் இல்லை.

காரின் சொந்தச் சேதத்துக்கான கட்டணம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூன்று நான்கு இடங்களில் விசாரியுங்கள். கார் மதிப்பைக் குறைத்துக் காட்டிக் கட்டணத்தைக் குறைப்பார்கள், ஏமாறாதீர்கள். மதிப்பு குறைந்தால் நஷ்டஈடும் குறையும்!

நஷ்டஈடு கேட்காத ஆண்டுகளுக்குத் தள்ளுபடி உண்டு. முதல் ஆண்டு 20 சதவீதம். பிறகு 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாம் ஆண்டு 50 சதவீதம். சொந்தச் சேதக் கட்டணம் ரூ.10 ஆயிரம் என்றால், ரூ.5 ஆயிரம் கட்டினால் போதும். ரூ.3 ஆயிரம் கீறலுக்கு நஷ்டஈடு கேட்டால் இந்தச் சலுகை போய்விடும். கணக்குப் பார்த்துக் கேளுங்கள். பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டாலும் சலுகை போய்விடும்.

இந்தத் தள்ளுபடி காருக்கு அல்ல, காரின் சொந்தக்காரருக்கு. காரை விற்றால் அது விற்றவரோடு போகும். பழைய கார் வாங்குவோர் 14 நாளுக்குள் இன்சூரன்சைத் தங்கள் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும்.

கம்பெனி நியாயமின்றிப் பணம் தர மறுத்தால், முதலில் கம்பெனிக்கே எழுத்து மூலம் புகார் செய்யுங்கள். ஒரு மாதத்தில் தீராவிட்டால் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது.

இன்றே பாலிசியை எடுத்துப் பாருங்கள். யார் பெயரில் இருக்கிறது? எந்த வகை? எந்தத் தேதியில் முடிகிறது? வீட்டில் உள்ளவர்களுக்கும் அதைப் படித்துக் காட்டுங்கள்.