நாஞ்சில் நாடு, திருவிதாங்கூர், குமரி மாவட்டம்: பெயர்களும் எல்லைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் தடுமாறுவது பெயர்களில்தான். நாஞ்சில் நாடு, வேணாடு, திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, குமரி மாவட்டம் என்று பல பெயர்கள் புத்தகங்களில் மாறி மாறி வருகின்றன. இவற்றை ஒரே இடத்தின் வெவ்வேறு பெயர்கள் என்று எடுத்துக்கொள்வது தவறு. முதலாவது ஒரு நிலப்பகுதியின் பெயர். அடுத்த இரண்டும் அரசுகளின் பெயர்கள். நான்காவது ஏழாண்டு மட்டும் இருந்த ஒரு மாநிலம். கடைசியாக உள்ளது 1956இல் உருவான வருவாய் மாவட்டம். ஒவ்வொன்றுக்கும் எல்லை வேறு.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டிஷாரை நாம் இன்றும் 'இங்கிலாந்துக்காரர்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இங்கிலாந்து என்பது அந்த நாட்டின் ஒரு பகுதி மட்டுமே. 1707இல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்தபோது கிரேட் பிரிட்டன் என்ற அரசு உருவானது. வேல்ஸ் அதற்கு முன்பே இங்கிலாந்துடன் சேர்க்கப்பட்டிருந்தது. 1801இல் அயர்லாந்தும் சேர ஐக்கிய இராச்சியம் என்ற பெயர் வந்தது. 1922இல் அயர்லாந்தின் பெரும்பகுதி பிரிந்து போய், வட அயர்லாந்து மட்டும் அதில் நின்றது. ஸ்காட்லாந்துக்காரரை இங்கிலாந்துக்காரர் என்று அழைத்தால் அவர் முகம் சுளிப்பார். விளவங்கோட்டுக்காரரை நாஞ்சில் நாட்டுக்காரர் என்று சொன்னாலும் ஏறக்குறைய அதே கதைதான்.

நாஞ்சில் என்றால் கலப்பை. புறநானூற்றில் நாஞ்சில் மலைக்குரிய நாஞ்சில் வள்ளுவன் பாடப்படுகிறான். பாடியவர்களில் ஔவையாரும் ஒருவர். எனவே இங்குள்ள பெயர்களில் மிகப் பழையது இதுதான். இன்றைய வழக்கில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய இரண்டு தாலுகாக்களின் வயல் சூழ்ந்த பகுதியே நாஞ்சில் நாடு. மங்கலம் முதல் மணக்குடி வரை என்று பழையவர்கள் எல்லை சொல்வார்கள். மேற்கே உள்ள கல்குளமும் விளவங்கோடும் நாஞ்சில் நாடு அல்ல. அவை வேணாட்டோடு சேர்ந்த பகுதிகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரிக் கல்வெட்டுகளில் குமரி 'புறத்தாய நாடு' என்ற பிரிவில் வருகிறது. கண்டிப்பாகப் பார்த்தால் குமரிமுனையை ஒட்டிய எங்கள் கொட்டாரத்துக்காரர்கள் நாஞ்சில் நாடு என்று பெருமை பேசுவதிலும் கொஞ்சம் கேள்வி இருக்கிறது. ஆனால் ஊரில் இதைச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

திருவிதாங்கூர் என்றதும் பலர் கேரளம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பெயர் பிறந்த ஊரான திருவிதாங்கோடு, தக்கலைக்கு அருகில், இன்றைய தமிழ்நாட்டில் இருக்கிறது. வேணாட்டு அரசர்கள் அங்கிருந்து ஆண்டதால் நாட்டுக்கு அந்த ஊரின் பெயர் வந்தது. 1729இல் ஆட்சிக்கு வந்த மார்த்தாண்ட வர்மா அண்டை அரசுகளை வென்று அந்தச் சிறு நாட்டை வடக்கே விரித்தார். அவருடைய தலைநகரம் கல்குளம். அதற்குப் பத்மநாபபுரம் என்று பெயர் சூட்டியவரும் அவரே. தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். இன்று பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் நிற்கிறது, பராமரிப்பதோ கேரளத் தொல்லியல் துறை. சுற்றுலா வரும் மாணவர்கள் வாசலில் நின்று இது எந்த மாநிலம் என்று ஆசிரியரைக் கேட்காத ஆண்டே இல்லை.

1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம் ஆயின. அப்போது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் திருவனந்தபுரம் மாவட்டத்தின் தாலுகாக்கள். தமிழர் மிகுதியாக வாழ்ந்த தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்க வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அதன் முதன்மைத் தலைவர் நேசமணி. 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் உயிரிழந்தனர். இந்த இரண்டு ஊர்களும் அன்றைய விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்தவை. நேசமணியும் அந்தப் பக்கத்துக்காரரே. இதை 'நாஞ்சில் நாட்டுப் போராட்டம்' என்று எழுதும் கட்டுரைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி எழுதினால் இரத்தம் சிந்திய ஊர்கள் கதையிலிருந்தே காணாமல் போகின்றன. குமரி மாவட்டப் போராட்டம் என்றோ, தென் திருவிதாங்கூர்த் தமிழர் போராட்டம் என்றோ எழுதுவதே முறை.

1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், இந்த நான்கு தாலுகாக்களையும் பெயர் சொல்லிச் சென்னை மாநிலத்தில் சேர்த்து, கன்னியாகுமரி என்ற தனி மாவட்டமாக்கியது. நடைமுறைக்கு வந்த நாள் நவம்பர் 1. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போயிற்று. கேட்டும் கிடைக்காத தேவிகுளம், பீர்மேடு ஆகியவை கேரளத்தில் நின்றன. சென்னை மாநிலம் 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்று பெயர் மாறியது. ஆகவே 1940இல் கொட்டாரத்தில் பிறந்து ஊரைவிட்டே போகாத ஒருவர், முப்பது வயதுக்குள் திருவிதாங்கூர், திருவிதாங்கூர்-கொச்சி, சென்னை, தமிழ்நாடு என நான்கு பெயர்களின் கீழ் வாழ்ந்துவிட்டார்.

இதனால் இன்றும் தொல்லை உண்டு. என் அக்கா 1951இல் பிறந்தவர். அவருடைய பழைய பதிவில் மாவட்டம் திருவனந்தபுரம் என்று இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் அதைக் காட்டியபோது, "நீங்க கேரளாவுல பிறந்தவங்க, அங்க போய்ச் சான்று வாங்கிட்டு வாங்க" என்று இளம் எழுத்தர் சொல்லிவிட்டார். அக்காவோ அகஸ்தீஸ்வரம் தாலுகாவைத் தாண்டிப் பிறக்கவில்லை. பதிவில் தாலுகாவின் பெயரும் இருந்தது; அதை யாரும் படிக்கவில்லை. சட்டத்தின் 4ஆம் பிரிவை அச்செடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போன பிறகே வேலை நடந்தது. குமரி மாவட்டத்தில் பிறந்த முதியவர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பிரிவின் நகல் ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. பழைய பத்திரங்களைப் படிப்பவர்கள் ஆண்டையும் கவனிக்க வேண்டும். அவற்றில் இருப்பது கொல்லம் ஆண்டு. அது ஆவணியில் பிறக்கும். ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் ஆடி வரை 825 கூட்டினால் கிறித்துவ ஆண்டு கிடைக்கும்.

இலக்கிய வரலாற்றிலும் இதே கவனம் தேவை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876இல் தேரூரில் பிறந்தார், 1954இல் மறைந்தார். மாவட்டம் தமிழகத்தோடு இணைந்ததை அவர் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுதும் அவர் திருவிதாங்கூரின் குடிமகனாக, பிறகு திருவிதாங்கூர்-கொச்சிக்காரராக இருந்த தமிழ்க் கவிஞர். அவருடைய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற தலைப்பில் வரும் நாஞ்சில் நாடு மாவட்டம் முழுவதையும் குறிப்பதன்று. மருமக்கள்தாயம் பின்பற்றிய நாஞ்சில் நாட்டு வேளாளரின் வாழ்வே அதன் பொருள்.

தாலுகாப் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. அகஸ்தீஸ்வரம் தாலுகாவின் தலைமையிடம் நாகர்கோவில், தோவாளைக்குப் பூதப்பாண்டி, கல்குளத்துக்குத் தக்கலை, விளவங்கோட்டுக்குக் குழித்துறை. மாவட்டத்தின் பெயர் கன்னியாகுமரி, ஆனால் ஆட்சியர் அலுவலகம் நாகர்கோவிலில். நாகர்கோவில் என்றிருந்த மக்களவைத் தொகுதி 2009 தேர்தல் முதல் கன்னியாகுமரி ஆகிவிட்டது. அண்மையில் கிள்ளியூர், திருவட்டாறு என்று இரண்டு தாலுகாக்கள் கூடி மொத்தம் ஆறாகியிருப்பதால், 1956ஐப் பற்றி எழுதும்போது இன்றைய தாலுகா வரைபடத்தைப் பயன்படுத்தக் கூடாது.

பழைய இணைப்பின் தடம் அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 290அ பிரிவின்படி, 1956 நவம்பர் 1 அன்று இங்கு வந்து சேர்ந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு ஆண்டுதோறும் 13,50,000 ரூபாய் தேவசம் நிதிக்குத் தர வேண்டும். கேரளம் திருவிதாங்கூர் தேவசம் நிதிக்குத் தருவது 46,50,000 ரூபாய்.