‘ஒத்துப்போகாதவர்’ எனும் குறிப்பு

அண்மையில் ஆலோசனைக்கு வந்த அரசு அலுவலக உதவியாளர் ஒருவரின் மந்தண அறிக்கையில் இரண்டே வரிகள் இருந்தன: எளிதில் உணர்ச்சிவசப்படுபவர், சக ஊழியருடன் ஒத்துப்போகாதவர். நிரப்பப்படாத இரண்டு இருக்கைகளின் கோப்புகளையும் அவ்வாண்டு முழுவதும் அவரே கவனித்தார் என்பது அதில் இல்லை. அப்பிரிவில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் அவர் ஒருவரே என்பதும் இல்லை.

பணிச்சுமையை ஆளுமைக் குறைபாடாக மாற்றி எழுதும் இவ்வழக்கத்துக்கு அறிவியலும் துணைநிற்காது. வேலையின் அளவு மிகுந்து, அதை எப்படிச் செய்வது என முடிவெடுக்கும் உரிமை குறையும்போதே மன அழுத்தம் பெருகுகிறது என்பது ராபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த விளக்கம். சரிவரக் கையாளப்படாத நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு என்று உலக சுகாதார நிறுவனமும் 2019இல் வரையறுத்தது. அதனை நோயென அது வகைப்படுத்தவில்லை. மனிதருக்கு மனிதர் இயல்பு வேறுபடும், மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த இருக்கைக்கு எத்தனை கோப்பு என்பதை ஊழியரின் இயல்பு தீர்மானிப்பதில்லை. அதிகாரியின் பணிப்பங்கீட்டு ஆணை தீர்மானிக்கிறது.

இத்தகைய குறிப்பை எதிர்க்க வழியுண்டு. எதிர்மறைக் குறிப்பு மட்டுமன்றி, ‘நன்று’ என்பது உட்பட ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008இல் தேவ் தத் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2013இல் மூவர் அமர்வு அதனை உறுதிசெய்தது. தெரிவிக்கப்பட்டால்தானே முறையிட முடியும்! முறையீட்டில் மனக்குமுறலைவிடத் தன்பதிவேடு வலிமையானது. எத்தனை தாள்கள் வந்தன, எத்தனை முடிக்கப்பட்டன, எவை யாரிடம் நிலுவையில் நின்றன என்பதெல்லாம் அதில் தேதியோடு இருக்கும். கூடுதல் பொறுப்பை வாய்மொழியாகச் சுமத்தினால், எழுத்தில் ஆணை கேளுங்கள்.

சாதிப் பெயரால் இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. எனினும் அந்த இழிவு பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நிகழ்ந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். திருச்சி மாவட்டத்தில் வருவாய் ஆய்வாளர் ஒருவர் அலுவலக அறைக்குள் இழிவுபடுத்தப்பட்டதாகத் தொடரப்பட்ட வழக்கை, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சக ஊழியர்கள் அங்கு வந்தது நிகழ்வுக்குப் பின்னரே என்பது காரணம். கதவு மூடிய பிறகே பேச்சின் தொனி மாறும் என்பதை அறிந்தவர்களுக்குக் கசப்பான தீர்ப்பு இது.

ஆகவே நாங்கள் மந்தண அறிக்கையின் வழியே சென்றோம். முறையீடு துறைத்தலைவரிடம் நிலுவையில் உள்ளது. அவ்விரு இருக்கைகளும் இன்னும் அவரிடமே உள்ளன.