கறுப்பு எவ்வளவு கறுப்பு?

2024 ஆகஸ்ட் 1. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகள் எடுத்து வெண்கலம் வென்றார். கோலாப்பூர் மாவட்டத்துக்காரர். அப்போது புனேயில் மத்திய ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை, பாலேவாடி அரங்கில் பயிற்சி. அவர் குறிவைத்த இலக்கின் நடுவே உள்ள பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். 50 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் அது கண்ணில் விரியும் கோணம் 43 விகலைதான். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. நல்ல பார்வை உள்ள மனிதக் கண்ணின் பகுதிறன் ஏறத்தாழ ஒரு கலை, அதாவது 60 விகலை. அப்படியானால் குசாலே எந்த வளையத்துக்காகப் பல்லாண்டுகள் உழைத்தாரோ, அந்த வளையம் அவர் கண்ணுக்குத் தனியாகத் தெரியவே தெரியாது. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அனுமதியும் கிடையாது.

பிறகு எப்படிச் சுடுகிறார்கள்? கண்ணருகே ஒரு சிறு துளை, குழல் முனையில் ஒரு வளையம், அதற்குள் இலக்கின் 112.4 மில்லிமீட்டர் கறுப்பு வட்டம். கறுப்பைச் சுற்றித் தெரியும் வெள்ளை விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே அகலமாக இருக்கிறதா என்று மட்டும் கண் பார்க்கிறது. இரண்டு புள்ளிகளைப் பிரித்தறிய ஒரு கலை தேவைப்படும் அதே கண், ஒரு கோடு இன்னொன்றிலிருந்து விலகியிருப்பதைப் பத்து விகலைக்குள்ளேயே பிடித்துவிடும். அதற்கு ஒரே நிபந்தனை, கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் இருக்க வேண்டும். விளிம்பு மங்கினால் அந்தத் திறமை போய்விடும். ஸ்கோப்புகளின் ஒளியியல் தரத்தை ஒப்பிட உட்காருகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. கடையிலும் பட்டியலிலும் முதலில் கேட்கப்படும் கேள்வியோ ‘எத்தனை மடங்கு?’ என்பது.

ஜெர்மனியின் ஷ்மிட் அண்ட் பெண்டர், ஆஸ்திரியாவின் காலெஸ், கனடாவின் டேன்ஜென்ட் தீட்டா, அமெரிக்காவின் நைட்ஃபோர்ஸ். உயர்விலை ஸ்கோப்புகளில் திரும்பத் திரும்பக் கேட்கும் பெயர்கள் இவை. நான்கு நிறுவனங்களிடமும் 25 மடங்கு வரை பெருக்கும், 50 மில்லிமீட்டரைத் தாண்டிய முன்லென்ஸ் கொண்ட மாடல்கள் உண்டு. விலை நம் பணத்தில் சில லட்சம். இவற்றில் எது ‘கூர்மை’ என்ற சண்டை ஓய்வதில்லை. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தச் சண்டையின் பாதி கரைந்துவிடும்.

ஒளி ஓர் அலை என்பதால், லென்ஸ் எவ்வளவு குறையில்லாமல் இருந்தாலும் அதன் பகுதிறனுக்கு ஓர் எல்லை உண்டு. 116-ஐ லென்ஸின் விட்டத்தால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் அந்த எல்லை விகலையில் கிடைக்கும். 56 மில்லிமீட்டர் லென்ஸுக்கு அது 2.1 விகலை. மறுபக்கம் கண்ணின் 60 விகலையை 25 மடங்கால் வகுத்தால் 2.4. ஆக, நன்றாகச் செய்யப்பட்ட ஒரு ஸ்கோப்பில் 25 மடங்கு வைத்தாலும் முதலில் தோற்பது கண்தான், லென்ஸ் அன்று. 300 மீட்டரில் 2.4 விகலை என்பது மூன்றரை மில்லிமீட்டர். 7.62 மில்லிமீட்டர் குண்டு துளைத்த ஓட்டை அங்கே நன்றாகவே தெரியும். இரண்டு உயர்தர ஸ்கோப்புகளையும் பட்டப்பகலில், பார்வையின் நடுப்பகுதியில் வைத்துப் பார்த்து ‘இது அதைவிடக் கூர்மை’ என்று சொல்கிறவர் பெரும்பாலும் தன் கண்ணைத்தான் அளக்கிறார்.

அல்லது காற்றை. புனேயைச் சுற்றியுள்ள கரும்பாறை மேட்டில் ஏப்ரல் நண்பகலில் தரையை ஒட்டி எழும் வெப்பக்காற்று, இலக்கைத் தண்ணீருக்கடியில் கிடப்பதைப் போல் ஆட வைக்கும். சூடான காற்றுக்கும் குளிர்ந்த காற்றுக்கும் ஒளிவிலகல் எண் மாறுவதால் வரும் கானல் இது. அனுபவமுள்ள சுடுநர்கள் கானல் ஓடும் விதத்தைப் பார்த்தே காற்றின் வேகத்தைக் கணிக்கிறார்கள். ஆனால் ஒப்பீட்டுக்கு அது பகை. புனேயின் ஐயூகா வானியல் மையம் கிராவலி மலையில் 2006 முதல் நடத்திவரும் தொலைநோக்கியின் ஆடி 2 மீட்டர் அகலம். அதே கணக்கில் அதன் எல்லை 0.06 விகலை. மலை உச்சியில், நல்ல இரவில், தலைக்கு மேலே பார்க்கும்போதுகூட வளிமண்டலம் அதை ஒரு விகலையை ஒட்டியே நிறுத்திவிடுகிறது. வெயிலில் கொதிக்கும் தரைக்கு இணையாக ஒரு கிலோமீட்டர் படுக்கையாகப் பார்க்கும் ஸ்கோப்பின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் ஆட்டமும் சேர்ந்து பெருகும். ஒப்பிட வேண்டுமானால் விடிந்த ஒரு மணி நேரத்துக்குள், அல்லது மேகமூட்டமான நாளில்.

கூர்மையில் பெரிய வேறுபாடு இல்லையென்றால் இவ்வளவு விலை எதற்கு? விடையின் பெரும்பங்கு கண்ணாடிப் பரப்புகளில் இருக்கிறது.

பூச்சில்லாத சாதாரண கண்ணாடி, தன் ஒவ்வொரு பரப்பிலும் ஒளியில் ஏறத்தாழ 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒரு ஸ்கோப்புக்குள் காற்றைத் தொடும் பரப்புகள் 16 என்று வைத்துக்கொள்வோம். பதினாறு தடவை 4 சதவீதம் இழந்தால் கண்ணுக்கு வந்து சேர்வது 52 சதவீதம். பாதி போயிற்று. 1890களில் ஹரோல்ட் டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய லென்ஸ் வல்லுநர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நாள்பட்டு நிறம் மங்கிய பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியை உள்ளே விட்டன. பரப்பில் படிந்த மெல்லிய படலம் எதிரொளிப்பைக் குறைத்திருந்தது. அதை வேண்டுமென்றே, வெற்றிடத்தில் படலமாகப் படியவைத்துச் செய்யும் முறைக்கு 1935-ல் காப்புரிமை பெற்றவர் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா. இன்றைய பல அடுக்குப் பூச்சில் ஒரு பரப்புக்கு இழப்பு அரை சதவீதத்துக்கும் கீழே. அரை சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் பதினாறு பரப்பு கடந்து 92 சதவீதம் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் தவறான எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். ஒரு ஸ்கோப் 90 சதவீதம், இன்னொன்று 92 சதவீதம் என்றால் அந்த இரண்டு சதவீதத்தை மனிதக் கண்ணால் உணர முடியாது. உணரக்கூடியது, வந்து சேராத ஒளி செய்யும் கெடுதல்தான். திரும்பிய ஒளி மாயமாவதில்லை. லென்ஸ்களுக்கிடையே துள்ளி, குழாயின் உட்சுவரில் பட்டு, கடைசியில் படத்தின் மேலேயே சாம்பல் படலமாகப் படர்கிறது. மாலையில் மேற்கு நோக்கி வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும்: தூசி படிந்த முன்கண்ணாடியில் வெயில் பட்டதும் சாலை அங்கேயே இருக்கிறது, ஆனால் நிழலில் நிற்கும் ஆள் காணாமல் போகிறார். ஒளியின் அளவு 100 உள்ள வெளிச்சப் பகுதியும் 5 உள்ள நிழற்பகுதியும் 20-க்கு 1 என்ற வேறுபாட்டில் இருக்கின்றன. இரண்டின் மேலும் 5 அளவு சிதறொளி விழட்டும். 105-க்கு 10 ஆகிவிடும். வேறுபாடு பாதியாகச் சுருங்கிற்று. வெளிச்சம் குறையவில்லை, சொல்லப்போனால் கூடியிருக்கிறது. கறுப்புதான் கெட்டது.

விலையுயர்ந்த ஸ்கோப்புகளின் பணம் போகுமிடம் கண்ணுக்குத் தெரியாத வேலைகளில்: லென்ஸ் ஓரங்களுக்குப் பூசும் கறுப்பு, உட்சுவரில் வெட்டிய வரிப்பள்ளங்கள், ஒளியை மறிக்கும் தடுப்பு வளையங்கள், பூச்சின் சீர்மை. தொலைநோக்கிக் கருவிகளைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 14490 தரமுறையில் ஒளிகடத்தலுக்கு ஒரு பகுதி, பகுதிறனுக்கு ஒரு பகுதி, இந்தச் சிதறொளிக்கென்றே தனியாக ஒரு பகுதி இருக்கிறது. விளம்பரங்களில் முதலாவது எண்ணைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மூன்றாவதை நான் எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

நிறப்பிறழ்ச்சியும் கறுப்பைக் கெடுக்கும் இன்னொரு வழி. நீலமும் சிவப்பும் ஒரே இடத்தில் குவியாமல், கரிய கிளையின் ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கசியும். இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்து இதைக் குறைக்கலாம் என்று 1733-லேயே செஸ்டர் மூர் ஹால் செய்து காட்டினார். 1758-ல் ஜான் டாலண்ட் காப்புரிமை வாங்கினார். நிறங்களைச் சிதறவிடாத தன்மையைக் குறிக்கும் அபே எண் சாதாரண கிரவுன் கண்ணாடிக்கு 64, ஃபிளின்ட்டுக்கு 36, ஃபுளோரைட் படிகத்துக்கு 95. உயர்விலை லென்ஸ்களில் ஃபுளோரைட்டுக்கு நெருக்கமான தன்மையுள்ள கண்ணாடிகள் சேர்கின்றன. வானத்துக்கு எதிரே ஒரு மின்கம்பியைப் பார்த்தால் போதும், வித்தியாசம் தெரிந்துவிடும். கண்ணை மட்டும் ஸ்கோப்பின் அச்சில் சரியாக வைக்க வேண்டும். சற்று விலகினாலே நல்ல லென்ஸிலும் நிறம் கசியும்.

வீட்டிலேயே நேர்மையாக ஒப்பிட முடியுமா? முடியும், பொறுமை இருந்தால். ஸ்கோப்பைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி முக்காலியில் பூட்டுவது முதல் வேலை. ஆட்கள் நடமாடும் பக்கம் குழலைத் திருப்புவது எந்தச் சோதனைக்காகவும் கூடாது. அடுத்து, வெறும் வானத்தைப் பார்த்துக் குறுக்குக்கோடுகள் கூர்மையாகும்வரை கண்பக்கத் திருகைச் சரிசெய்ய வேண்டும். ‘இந்த ஸ்கோப் மங்கல்’ என்ற புகார்களில் கணிசமானவை இந்தத் திருகோடு முடிந்துவிடும். இரண்டு ஸ்கோப்பிலும் உருப்பெருக்கம் ஒன்றாக, நேரம் ஒன்றாக, இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று மூன்று கோடுகளாகச் சிறுத்துக்கொண்டே போகும் 1951-ஆம் ஆண்டின் அமெரிக்க விமானப்படை அட்டை இன்றும் பகுதிறனுக்கு நல்ல இலக்கு. ஒவ்வொரு படியிலும் கோடுகள் ஏறத்தாழ 12 சதவீதம் நெருங்கும். கண் தோற்காமலிருக்க, ஸ்கோப்பின் பின்னால் ஒரு சிறு ஒற்றைக்கண் தொலைநோக்கியை வைத்து மேலும் பெருக்கிப் பார்க்கலாம். வெயிலில் வைத்த எஃகு பேரிங் குண்டின் மினுக்கம் ஒரு செயற்கை நட்சத்திரம். குவியத்துக்கு முன்னும் பின்னும் அது விரியும் வட்டங்கள் ஒன்றுபோல் இருந்தால் லென்ஸ்கள் ஒழுங்காகத் தேய்க்கப்பட்டு, ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. தொலைநோக்கி ஆடியைக் கையால் தேய்க்கும் ஆர்வலர்கள் பல தலைமுறையாகச் செய்துவரும் சோதனை இது.

எல்லாவற்றையும்விட முக்கியமான சோதனை மாலையில். புனேயின் வேதாள் டேக்டி குன்றுக்குக் கிழக்கே நின்று பார்த்தால், சூரியன் குன்றுக்குப் பின்னால் இறங்கியதும் மேலே வானம் பளிச்சென்றும் கீழே சரிவு நிழலாகவும் இருக்கும். அந்த நிழலுக்குள் ஒரு மரத்தின் பட்டை தெரிகிறதா, அல்லது எல்லாம் ஒரே சாம்பலா? சூரியன் முழுதாக மறைந்த பிறகே ஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். ஒரு கணம் லென்ஸுக்குள் சூரியன் வந்தாலும் கண் போய்விடும். பகலில் இரட்டையர்போல் தோன்றிய இரண்டு ஸ்கோப்புகள் இங்கேதான் பிரிகின்றன.

இருட்ட இருட்ட இன்னொரு கணக்கும் உள்ளே வருகிறது. முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணருகே விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 56 மில்லிமீட்டர் லென்ஸில் 25 மடங்கு வைத்தால் 2.2 மில்லிமீட்டர், 8 மடங்குக்குக் குறைத்தால் 7 மில்லிமீட்டர். இளைஞரின் கண்பாவை இருட்டில் 7 மில்லிமீட்டர் வரை விரியும், ஐம்பதைத் தாண்டியவருக்கு 5-ஐ எட்டினாலே பெரிது. நம் ராணுவம் நெடுங்காலம் பயன்படுத்திய டிராகுனோவ் துப்பாக்கியின் ஸ்கோப் வெறும் 4 மடங்கு, 24 மில்லிமீட்டர் லென்ஸ், 6 மில்லிமீட்டர் ஒளிவட்டம். அந்திக்கு அது பொருத்தமான அளவு. ‘அந்தி எண்’ என்று உருப்பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் போடுவார்கள். அந்தக் கணக்கில் 25 மடங்குக்கு 37, 8 மடங்குக்கு 21. உண்மையில் இருட்டும்போது 25 மடங்குதான் முதலில் குருடாகும். கண்ணாடியின் தரம் அந்தச் சூத்திரத்துக்குள் நுழையவே இல்லை. ஐயாயிரம் ரூபாய் ஸ்கோப்புக்கும் ஐந்து லட்சம் ரூபாய் ஸ்கோப்புக்கும் அது ஒரே மதிப்பெண் போடும்.

முழு இருட்டில் லென்ஸ் மட்டும் போதாது. புனேயின் போசரி தொழிற்பேட்டையில் உள்ள பெல் ஆப்ட்ரானிக் டிவைசஸ் நிறுவனம், இரவுப்பார்வைக் கருவிகளின் இதயமான ஒளிப்பெருக்கிக் குழாய்களைத் தயாரிக்கிறது. நட்சத்திர ஒளியின் துளி ஒரு பூச்சின்மேல் பட்டு எலக்ட்ரானை உதிர்க்கிறது. சில மைக்ரான் அகலமுள்ள லட்சக்கணக்கான துளைகள் கொண்ட தகட்டுக்குள் அந்த எலக்ட்ரான் பல்கிப் பெருகி, பாஸ்பர் திரையில் மீண்டும் ஒளியாகிறது. இந்தக் குழாய்களை ஒப்பிட உலகச் சந்தையில் ஒற்றை எண் ஒன்று புழங்குகிறது. ஒரு மில்லிமீட்டரில் எத்தனை கோட்டு இணைகளைப் பிரிக்கும் என்பதையும் சைகை-இரைச்சல் விகிதத்தையும் பெருக்கி வருவது அது. இதிலும் அதே சிக்கல். 64 கோட்டு இணை, விகிதம் 25 என்றால் 1600. 50 கோட்டு இணை, விகிதம் 32 என்றாலும் 1600. நிலவு காயும் இரவில் முதல் குழாய் நுண்ணிய விவரம் காட்டும். மேகம் மூடிய அமாவாசையில் அதன் திரையில் இரைச்சல் புள்ளிகள் கொதிக்கும்போது, இரண்டாவது குழாய் ஓர் ஆளைப் புதரிலிருந்து பிரித்துக் காட்டும். எல்லையில் நிற்கிறவருக்காகக் குழாய் வாங்குகிற அதிகாரி பெருக்கல் தொகையைக் கேட்டு நிறுத்திவிடக் கூடாது. இரண்டு எண்களையும் தனித்தனியாக, எந்த அளவு வெளிச்சத்தில் அளந்தவை என்ற குறிப்போடு எழுதி வாங்க வேண்டும்.