புகையற்ற அடுப்பும் பொருட்சிக்கனமும்

நூலுக்குச் சாயமேற்ற வெந்நீர் இன்றியமையாதது. அதற்கென விறகு எரித்து வந்த பட்டறைகள் சிலவற்றில் இன்று பெல்லட் அடுப்புகள் வந்துள்ளன. மரத்தூள், நிலக்கடலைத் தோல், பருத்திமார் ஆகியவற்றைத் தூளாக்கி, இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் சிறு உருளைகளே பெல்லட்டுகள்.

"இந்த அடுப்பும் புகைகிறது, விறகுக்கே திரும்பிவிடலாம்" என்று அங்கத்தினர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். பட்டறையில் பணிபுரியும் சகோதரிகள் இருமுகின்றனர். கொடியில் உலரும் நூற்கழிகளில் கரி படிகிறது. குறை மெய்யே. ஆயினும் பெரும்பாலும் பிழை அடுப்பில் இல்லை. அதை நாம் நடத்தும் முறையிலேயே உள்ளது.

இவ்வடுப்பில் ஒரு திருகு, தொட்டியிலுள்ள பெல்லட்டைச் சிறிது சிறிதாக எரிகிண்ணத்திற்குத் தள்ளுகிறது. மின்விசிறி, கிண்ணத்தின் துளைகள் வழியே காற்றைச் செலுத்துகிறது. பாவும் ஊடையும் போல எரிபொருளும் காற்றும் ஒத்துச் செல்லவேண்டும். ஒரு கிலோ உலர்ந்த மரம் முற்றிலும் எரிய ஏறத்தாழ 6 கிலோ காற்று தேவை. நடைமுறையில் அதற்கு மேலும் தரவேண்டும். காற்றுக் குறைந்தால், எரியவேண்டிய வாயுக்கள் எரியாமலே புகையாக வெளியேறும். அதாவது, நாம் விலை கொடுத்து வாங்கிய பொருளே புகைபோக்கி வழியே வீணாகிறது.

அடுப்பைத் திருத்துமுன் துப்புரவு செய்க. அணைத்து நன்கு ஆறிய பின், கிண்ணத்தின் துளைகளை அடைத்த சாம்பலையும், இறுகிய கிட்டத்தையும், புகைபோக்கியில் படிந்த கரியையும் நீக்கவேண்டும். துளை அடைபட்டிருக்க விசிறியை முடுக்குவதால் பயனில்லை. கதவு இறுக மூடுகிறதா என்பதையும் கவனித்தல் நலம்.

அதன்பின் தீயின் நிறமே நமக்கு வழிகாட்டி. சுடர் செந்நிறமாய், நீண்டு, சோம்பி அசைந்து, நுனியில் கரிப்புகை விட்டால் காற்றுப் போதவில்லை. காற்றை ஒரு படி கூட்டுக. அல்லது பெல்லட் விழும் அளவை ஒரு படி குறைக்க. சுடர் குட்டையாய்ச் சீறி, எரியாத துண்டுகள் கிண்ணத்திற்கு வெளியே சிதறினால் காற்று மிகுதி. வெப்பமும் புகைபோக்கி வழியே ஓடிவிடும். தெளிந்த மஞ்சள் நிறத்தில் துடிப்புடன் எரிவதே சரியான தீ. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிக் கால்மணி நேரம் பொறுத்துப் பார்க்கவேண்டும். இரண்டையும் ஒருங்கே மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று அறிய இயலாது. சரியான அளவுகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அடுத்து வருபவருக்கும் உதவும்.

சர்வதேசத் தரத்தின்படி, முதல்தர மரப் பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்திற்கும், சாம்பல் 0.7 சதவீதத்திற்கும் மேற்படலாகாது. பயிர்க்கழிவுப் பெல்லட்டில் சாம்பல் இதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆகவே அதை எரிப்போர் கிண்ணத்தை அடிக்கடி துப்புரவு செய்தல் அவசியம். மூட்டைகளை மண் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குக. நனைந்த பெல்லட் உப்பி உதிர்ந்துவிடும்.

இதில் உழவர்களுக்கும் பங்குண்டு. பருத்திமாரை மண் உதறி, நன்கு காயவைத்துக் கொடுத்தால் சாம்பல் குறையும். அறுவடைக்குப் பின் மாரை வயலில் விட்டுவைத்தால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த பருவத்திற்கும் தொடர இடமுண்டாகும். அதை அகற்றுவது இருவகையிலும் நன்மையே.

வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் 2020-இல் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. கண்ணுக்குப் புலப்படாத கார்பன் மோனாக்சைடும் உயிருக்கு ஆபத்தானது. புகைபோக்கியின்றி, மூடிய கொட்டகையில் எந்த அடுப்பையும் எரித்தலாகாது. சிக்கனம் சங்கத்திற்கு இலாபம். அதனினும் பெரிது நம் சகோதரிகளின் சுவாசம். அடுப்பை ஒதுக்குமுன் ஒரு வாரம் இம்முறையைக் கையாண்டு பார்க்குமாறு அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறோம்.