பாரசீகப் பூனை

எங்கள் வீட்டில் பூனை என்றால் எலி பிடிக்க வேண்டும். மடியில் வைத்துச் சீவி வளர்ப்பதற்கென்றே ஒரு பூனை இனம் உண்டு என்பதை, எங்கள் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆளான நான், விலங்கியல் படிக்க வந்த பிறகே அறிந்தேன். அதுவே பாரசீகப் பூனை.

1620-ஆம் ஆண்டளவில் பியேத்ரோ தெல்லா வாலே என்ற இத்தாலியப் பயணி, பாரசீகத்தின் குராசான் பகுதியைச் சேர்ந்த நீண்ட மயிர்ப் பூனைகளைப் பற்றி எழுதினார். 1871-இல் இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூனைக் கண்காட்சியிலும் இவ்வினம் இடம்பெற்றது. ஆனால் மரபணு ஆய்வில் இன்றைய பாரசீகப் பூனைகள் மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடே நெருங்கி நிற்கின்றன. பெயர் பாரசீகம், வளர்ப்பு ஐரோப்பா!

குணத்தில் இது பரம சாது. தாவித் திரிவதைவிடப் படுத்திருப்பதையே விரும்பும். வளர்ப்பவருக்குத்தான் வேலை அதிகம். நாள்தோறும் சீவாவிட்டால் மயிர் சடை பிடிக்கும். கண்ணீர் வழியும் முகத்தைத் துடைக்க வேண்டும். பாலும் சோறும் மட்டும் போதா. டாரின் என்னும் சத்துக்காக மீனோ இறைச்சியோ தேவை.

தட்டை முகம் வேண்டுமென்று மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனம் பெருக்கியதால், மூச்சுத் திணறலும் வெப்பம் தாங்காமையும் வந்தன. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் மரபணுக் குறையும் இவ்வினத்தில் மிகுதி. அது 2004-இல் கண்டறியப்பட்டது. அது ஓங்கு பண்பு. எனவே தாய், தந்தை இரண்டில் ஒன்றிடம் அக்குறை இருந்தாலே, ஒவ்வொரு குட்டிக்கும் பாதி வாய்ப்பு உண்டு. இதை அறியச் சோதனை இருக்கிறது.

நண்பர்களே, குட்டி வாங்குவோர் முக அழகைப் பார்க்குமுன் பெற்றோரின் சோதனைச் சான்றைக் கேளுங்கள். வாயில்லா ஜீவனுக்காக நாம்தான் கேட்க வேண்டும்.