கழிவறைக் கோப்பை பொருத்துதல்

கழிவறைக் கோப்பை பொருத்துதல் என்பது பீங்கான் கோப்பையைத் தண்ணீர்க் குழாயுடனும் கழிவுக் குழாயுடனும் கசிவின்றி இணைக்கும் பணியாகும். இதைச் செய்பவர் பிளம்பர் எனப்படுகிறார். தொழிற்பயிற்சி நிலையங்களில் (ஐடிஐ) இதற்கென ஓராண்டுப் பயிற்சி உண்டு. தேனி மாவட்டம் வீரபாண்டி போன்ற முல்லைப் பெரியாற்றங்கரை ஊர்களில் இப்பணியின் விளைவு வீட்டோடு நிற்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பாசனத்துக்கும் குடிநீருக்கும் உதவும் அவ்வாறு பின்னர் வைகையில் கலக்கிறது.

நீரடைப்பு

கோப்பையின் அடியிலுள்ள வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். தொட்டியிலிருந்து வரும் வாயுவையும் பூச்சிகளையும் இந்நீரே தடுக்கிறது. இவ்வளைவுக் குழாய்க்கு அலெக்சாண்டர் கம்மிங் 1775-ல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். கழிவுக் குழாயில் காற்றுக்குழாய் இல்லாவிட்டால், வேகமாக இறங்கும் நீர் இத்தேக்கத்தையும் உறிஞ்சிச் சென்றுவிடும். புதிய கழிவறையிலும் நாற்றம் வருவதற்கு இது ஒரு காரணம். காற்றுக்குழாய் கூரைக்கு மேல் வரை உயர்ந்திருக்க வேண்டும்.

அளவெடுத்தல்

வெஸ்டர்ன் கோப்பைகளில் கழிவு தரை வழியே இறங்குவது எஸ் டிராப். சுவர் வழியே செல்வது பி டிராப். எஸ் டிராப் கோப்பை வாங்குமுன் சுவரிலிருந்து தரைக்குழாயின் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். சுவர் ஓடு பதித்த பிறகுள்ள தூரமே கணக்கு. ஓட்டின் கனத்தைச் சேர்க்காமல் அளந்தால் கோப்பை சுவரில் இடிக்கும். எனவே கடைக்குப் போகுமுன்பே பிளம்பரை அழைத்து இடத்தைக் காட்டுவது நல்லது.

கழிவுக் குழாய் பெரும்பாலும் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயாக இருக்கும். அது தொட்டியை நோக்கிச் சீராகச் சரிய வேண்டும். 40 அடி நீளத்துக்கு சுமார் 1 அடி இறக்கம் போதும். செங்கோண வளைவுகளைக் குறைத்தால் அடைப்பும் குறையும்.

கழிவுநீர்த் தொட்டி

பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் கழிவு செப்டிக் டேங்கிற்குச் செல்கிறது. திடக்கழிவு அடியில் படிய, மேல்நீர் உறிஞ்சு குழிக்குச் செல்ல வேண்டும். அதை வாய்க்காலிலோ தெருச் சாக்கடையிலோ திருப்பிவிட்டால் கழிவு ஆற்றைச் சேரும். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் தூரம் வேண்டும் என்பது ஐஎஸ் 2470 என்னும் இந்தியத் தரநிலையின் அறிவுரை.

பணி ஒப்படைத்தல்

கூலி, பொருள் செலவு, பழைய கோப்பையை அகற்றும் செலவு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தரையை மூடுமுன் சில வாளித் தண்ணீர் ஊற்றி இணைப்புகளில் கசிவு பார்க்க வேண்டும். கோப்பை ஆடாமல் நிற்கிறதா என்பதையும் உட்கார்ந்து பார்த்த பின்பே மீதிக் கூலியைத் தருவது வழக்கம்.

பாதுகாப்பு

கழிவுநீர்த் தொட்டிக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் தேங்கும். உள்ளே இறங்கியவரும் அவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த நிகழ்வுகள் பல. பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்கித் தொட்டியைச் சுத்தம் செய்விப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்; முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கழிவுநீர் லாரியின் குழாய் எட்டும் இடத்தில் தொட்டியின் மூடியை அமைத்து, அதன்மேல் ஓடு பதிக்காமல் விட்டால், ஆளை இறக்க வேண்டிய நிலையே வராது.