பொய்ப் பீரங்கி, நிஜ வெடிமருந்து

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-லேயே முடிஞ்சிடுச்சு. ஆனா இன்னைக்கும் அங்க கோடை வந்தா, ஆயிரக்கணக்கான பேர் நீலச் சட்டையும் சாம்பல் சட்டையும் போட்டுக்கிட்டு வயல்வெளியில இறங்கி அந்தச் சண்டையைத் திரும்ப நடிச்சுக் காட்டுறாங்க. ரீஎனாக்ட்மென்ட்னு பேரு. அதுல பீரங்கியும் சுடுவாங்க. குண்டு இருக்காது, ஆனா கருமருந்து நிஜம். அந்த நகல் பீரங்கியை எப்படிச் செய்கிறார்கள் என்பதுதான் இந்த எபிசோட்.

இவர்களுக்குப் பிடித்த பீரங்கிகளில் ஒன்று, 1857 மாடல் 12 பவுண்டர். செல்லப் பேர் 'நெப்போலியன்'. நீங்க நினைக்கிற நெப்போலியன் இல்லை, அவரோட தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன். குழலின் உள்விட்டம் 4.62 அங்குலம். வெண்கலக் குழல் மட்டுமே கிட்டத்தட்ட 550 கிலோ.

வெண்கலம் விலை அதிகம். அதனால பல பேர் நகலை வார்ப்பிரும்புல வார்க்குறாங்க. சிக்கல் இங்கதான். வெண்கலம் தாங்க முடியலேன்னா பெரும்பாலும் முதல்ல புடைக்கும், கண்ணுக்குத் தெரியும். வார்ப்பிரும்பு சொல்லாம கொள்ளாம சில்லு சில்லா தெறிக்கும். அதே போரில், 1864 டிசம்பரில் ஃபிஷர் கோட்டையைத் தாக்கினப்போ, வார்ப்பிரும்பில் செய்த பாரட் பீரங்கிகள் சில கப்பல்லயே வெடிச்சு, சுட்ட மாலுமிகளையே கொன்னுச்சு.

அதனால் இன்றைய நகலுக்குள் இணைப்பே இல்லாத கனமான எஃகுக் குழாய் ஒன்றை நுழைத்துவிடுகிறார்கள். அழுத்தத்தைத் தாங்குறது அந்தக் குழாய்தான். வெளியே தெரியும் இரும்பு பெரும்பாலும் வேஷம். குழாயின் பின்பக்கத்தை எஃகு வெச்சு அடைச்சிடுவாங்க. என்னைக் கேட்டா, முழுப் பீரங்கியிலும் முக்கியமான இடம், வேடிக்கை பார்க்க வந்தவங்க யாரும் பார்க்காத இந்த அடிப்பகுதிதான். அந்த இணைப்புல முடி அளவு இடுக்கு இருந்தாலும் போதும், முந்தைய வெடியோட கங்கு அதுல ஒளிஞ்சுக்கும். அடுத்த மருந்துப் பொட்டலத்தை ஒருத்தர் நீளக் கம்பால உள்ளே தள்ளும்போது, அவர் கை குழல் வாய்க்கு நேரா இருக்கும். கங்கு பட்டா கை போயிடும். உயிரே போகலாம்.

அதனால ஒவ்வொரு வெடிக்கு அப்புறமும் திருகுக் கம்பி விட்டு மிச்சம் மீதியை இழுக்குறாங்க. பிறகு ஈரத் துடைப்பான், அப்புறம் காய்ந்தது. அதுவரை பின்னால ஒருத்தர், தோல் உறை மாட்டின கட்டைவிரலால திரித்துளையை மூடிக்கிட்டு நிப்பார். காத்து ஓடினா கங்கு கனலும், அடுப்பு ஊதுற கணக்குத்தான். இதுபோக, பல குழுக்கள் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே 10 நிமிஷம் காத்திருக்கும். நிஜப் போர்ல நிமிஷத்துக்கு 2 முறை சுட்டாங்க. கூட்டத்துக்குப் போரடிக்கும்தான். அடிக்கட்டும்.

சரி, வண்டிக்கு வருவோம். குழல் வார்க்க ஒரு ஃபவுண்டரி கிடைச்சிடும், மரச் சக்கரம் செய்யத் தெரிஞ்ச ஆள் கிடைக்கறதுதான் கஷ்டம். 57 அங்குல உயரம், 14 ஆரக்கால், 7 வட்டை. ஒரு வட்டைக்கு 2 ஆரக்கால். இரும்புப் பட்டையைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் சின்னதாக வளைத்து, நெருப்பில் போட்டு விரிய வைத்து, சூட்டோடு மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கும்போது குடம், ஆரக்கால், வட்டை எல்லாத்தையும் சேர்த்து இறுக்கிடும். நம்ம ஊர் மாட்டு வண்டிக்குப் பட்டா போடறதும் இதே வேலைதான்.

இந்தச் சக்கரம் தட்டையா இருக்காது, ஆழமில்லாத தட்டு மாதிரி குழிஞ்சிருக்கும். அச்சின் நுனி லேசாகக் கீழே சாய்ந்திருப்பதால், பாரம் தாங்கும் அடி ஆரக்கால் மட்டும் செங்குத்தா நிக்கும். மேடுபள்ளத்துல வண்டி ஆடும்போது பக்கவாட்டுல வர்ற தள்ளலையும் இந்தக் குழிவு தாங்கிக்கும். தட்டையான சக்கரம் மாட்டின மலிவு நகலும் தூரத்துல பார்த்தா அழகாத்தான் இருக்கும். குழலோட எடையை ஏத்திக் கரடுமுரடான வயல்ல இழுத்தா தெரிஞ்சிடும்.

யாராவது பழைய நகலை விற்கிறேன்னு சொன்னா, விவரம் தெரிஞ்சவங்க பெயின்ட்டைப் பார்க்கறதில்லை. டார்ச் அடிச்சுக் குழலோட அடிவரைக்கும் பார்க்குறாங்க. அப்புறம் சக்கரத்தைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்துட்டுத்தான் விலையே கேக்குறாங்க.